நின்று பார்க்கும் இடம்

…அவிழாது, எத்தனை இழுத்தாலும் அவிழாது, இழுக்க இழுக்க இன்னும் இறுகத்தான் செய்யும், அது கன்றுக்குட்டியைக் கட்டுகிற முடிச்சு, எங்கள் மலையில் மூன்று மாதக் காளைக்கன்று நாள் முழுக்க முட்டி மோதியும் அவிழ்க்க முடியாத முடிச்சு, அதை இந்தப் பச்சைக் கோட்டுக்காரர் விரல் நுனியால் கிளறி அவிழ்த்துவிடப் போகிறாராம்... நான் சாசேஜ் தின்ற கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு கதவோரமாக நின்று வேடிக்கை பார்க்கிறேன், உடனே போய்ச் சண்டை பிடிக்க மனம் வரவில்லை, இன்னும் கொஞ்சம் கிளறட்டும், வேர்க்கட்டும். வியன்னா ஓபெராவில் நின்று பார்க்கிறவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு, யாரும் எழுதி வைக்காத சட்டம், கைப்பிடிக் கம்பியில் கழுத்துத் துணி எதையாவது கட்டிவிட்டால் அந்த இடம் உன்னுடையது, வெளியே போய்ச் சாப்பிடலாம், காலாற நடக்கலாம், திரும்பி வரும்வரை ஒருத்தரும் தொட மாட்டார்கள். தொடக் கூடாது. இவர் தொடுகிறார். அதுவும் எப்பேர்ப்பட்ட இடம், முன்வரிசை, நட்டநடு, மேடைக்கு நேர் எதிர், பேரரசருக்காகக் கட்டிய மாடத்துக்குக் கீழே... என்னை யாரென்று நினைத்தார்? முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் கல்யாணமான ஐந்தாம் நாள் இங்கே வந்து விழித்துக்கொண்டு நின்றாளே, அந்த இருபத்து நாலு வயது நோட்புர்கா, வீட்டார் வாயில் புர்கா, அவள் என்றா? அவளுக்குத் துணிச் சட்டமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. எனக்கு இப்போது ஐம்பத்தைந்து. எல்லாம் விசாரித்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.

"அது என் துணி," என்றேன் பின்னால் போய் நின்று. அவர் திரும்பினார், எழுபது வயது இருக்கும், மீசையை அளந்து வெட்டியிருந்தார், "இது என் இடம், அம்மணி, நாப்பது வருஷமா நான் இங்கதான் நிக்கறேன், இந்தக் கம்பிக்கே என்னைத் தெரியும்" என்றார். "கம்பிக்கு உன்னைத் தெரிஞ்சா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் காபி குடு, இன்னிக்கு இங்க நான் கட்டியிருக்கேன்." சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள், அப்புறம் சட்டென்று அடங்கினார்கள், பின்னால் ஒரு குண்டு அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம், "ஹோஃப்ராட்டைப் போய் 'நீ'ன்னு கூப்பிடறாங்க பாருங்க" என்றாள். ஓ, ஹோஃப்ராட்டா... பெரிய அரசு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், இந்த ஊரில் அந்தப் பட்டம் சாகும்வரை பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், கல்லறையிலும் எழுதுவார்கள். நான் என்ன செய்வது, எங்கள் வில்கிராட்டன் பள்ளத்தாக்கில் நீங்க என்று ஒரு சொல் வாயில் வராது, பாதிரியாரும் நீதான், மாட்டு டாக்டரும் நீதான், ஒருமுறை மந்திரி வந்தார், அவரும் நீதான், பன்றிக் கொழுப்பும் ரொட்டியும் தின்றுவிட்டுச் சந்தோஷமாகப் போனார். "எந்த ஊரு உங்களுக்கு?" என்று கேட்டார் ஹோஃப்ராட், கேட்ட தோரணையிலேயே ஊர் தெரிந்துவிட்டது என்று தெரிந்தது. "வில்கிராட்டன்." "அது எங்க இருக்கு?" "மேல," என்றேன்.  முடிச்சை மறுபடியும் ஒருமுறை பார்த்தார், தோற்றுப்போன முகம் எனக்குத் தெரியாதா, சந்தையில் எத்தனை பார்த்திருக்கிறேன், போனால் போகிறது என்று, "பக்கத்துல நில்லு, ரெண்டு பேரும் நிக்கலாம், நான் ஒண்ணும் அவ்வளவு அகலம் இல்ல" என்றேன். அவர் தன் பட்டுத் துணியை என் துணிக்கு அரை முழம் தள்ளிக் கட்டினார். அழகான முடிச்சுதான், ஆனால் ஒரு ஆட்டுக்குட்டி போதும்.

இந்த இடத்தை நான் சும்மா பிடிக்கவில்லை. காலை ஏழு மணிக்கே பக்கவாட்டுக் கதவுக்கு வந்துவிட்டேன், ஆட்டம் நாலு மணிக்கு, ஆனால் நாலரைக்கே எழுந்து பழகிய உடம்பு ஏழு மணி வரை படுக்கையில் என்ன செய்யும்? பதினோரு மணிக்கு மேல் இந்த நிரந்தர நிற்பாளர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், கையில் ஒரு தாள், அதில் அவர்களே எழுதிக்கொண்ட வரிசை, ஒன்று ஹோஃப்ராட், இரண்டு இன்னார், மூன்று அன்னார்... "பட்டியல்ல உங்க பேரு இல்லையே" என்றாள் குண்டு அம்மாள். "பேரு இல்ல, ஆனா நான் இருக்கேனே" என்றேன். தாள் வரிசையில் நிற்குமா, கால்தானே நிற்கும்? கதவு திறந்ததும் ஓடக் கூடாது என்று காவலாள் சொன்னான், நான் ஓடவில்லை, மேட்டில் புல்வெட்டி இறக்குகிறவள் நடக்கிற நடை நடந்தேன், அவ்வளவுதான், பட்டியல் எல்லாம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

ஜெயிக்கத்தான் வந்தேன், அதை மறைப்பானேன். ஈஸ்டர் விருந்தில்தான் இது முடிவானது. மேசையில் பதினாலு பேர், நான் வழக்கம்போல அந்தக் கதையை எடுத்தேன், தேனிலவுக்கு வியன்னா வந்தது, ஓபெராவில் நின்று பார்த்தது, முதல் பாகம் முடிந்ததும் என் புருஷன் லோரென்ஸ் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடியது, ஏன் தெரியுமா, ஊரில் செவலைப் பசு கன்று போடுகிற நாள், அதை நினைத்துப் பதறிவிட்டான், புதுப் பெண்டாட்டியைவிடப் பசு பெரிது... இந்தக் கதையை முப்பத்தொரு வருஷமாகச் சொல்கிறேன், கல்யாண வீட்டில், பால் சேகரிக்கிற இடத்தில், தேவாலய வாசலில், சொல்லச் சொல்ல அதற்குச் சதை போட்டது, பசுவுக்குப் பெயர் வந்தது, அப்புறம் அவன் ரயிலில் அழுதான் என்று வந்தது, ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், லோரென்ஸும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான். ஒருநாளும் மறுத்ததில்லை. இந்த ஈஸ்டருக்கு மட்டும் கரண்டியைக் கீழே வைத்தான். "அப்போ நீ போய் நின்னு பாத்துட்டு வாயேன் புர்கா. அதே ஆட்டம் மே மாசம் போடறாங்களாம். கடைசி வரைக்கும் நின்னுட்டா ஆயுசுக்கும் இந்தக் கதையைச் சொல்லிக்கோ. பாதியில வந்துட்டா, இனிமே வாயைத் திறக்கக் கூடாது." எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான், அது என்ன பார்வை என்று அப்போது யோசிக்கவில்லை, சரி என்று கையடித்துக் கொடுத்துவிட்டேன். எங்கள் வீட்டுக் கதைகளில் எனக்குப் பிடித்த கதை அதுதான், அதை விட்டுக்கொடுப்பேனா?

விளக்கு அணைகிறது... வந்து மூன்று நாள் ஆகிறது, இந்த ஊர் என்னிடம் இன்னும் ஒரு இடத்திலும் ஜெயிக்கவில்லை. ஸ்டெஃபான் பெரிய கோவில் கோபுரத்தில் முந்நூற்று நாற்பத்து மூன்று படி, வெளிநாட்டு இளசுகள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், நான் ஒருவரையும் தாண்டாமல் விடவில்லை. அரண்மனையில் பேரரசர் படுத்த இரும்புக் கட்டிலைக் காட்டினார்கள், இதற்கா டிக்கெட், எங்கள் வேலையாள் கட்டில் இதைவிடத் தேவலை. குதிரை வண்டி நிற்கிற இடத்தில், "உன் இடப்பக்கத்துக் குதிரைக்குப் பின்னங்கால் லாடம் ஆடுது, பாரு" என்றேன், வண்டிக்காரன் தொப்பியைச் சரித்துக்கொண்டு, "நீ பெரிய டாக்டரோ" என்று ஏளனமாகக் கேட்டான், கேட்டுவிட்டுக் குனிந்து பார்த்தான், அப்புறம் என்னைக் கோவிலைச் சுற்றி ஒரு சுற்று சும்மா கூட்டிப்போனான். காபிக் கடைச் சிப்பந்தி மட்டும்தான் கொஞ்சம் மூக்கை உடைத்தான், காபி என்று கேட்டால் போதாதாம், பதினைந்து வகையில் எது என்று சொல்ல வேண்டுமாம், "சூடா இருக்கிற வகை" என்றேன், கொண்டுவந்து வைத்துவிட்டான்... ம், ஆரம்பித்துவிட்டார்கள், பாடுகிறார்கள். எத்தனை பேர் வாத்தியக்காரர்கள், அத்தனை வில்லும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குகிறது, நாங்கள் ஆறு பேர் சேர்ந்து புல் வெட்டினாலே ஒருத்தன் பிந்திவிடுவான். கதாநாயகியாகப் பாடுகிற பெண் வந்துவிட்டாள், வெள்ளை உடை, பருமன்தான், ஆனால் என்ன குரல், கம்பி வழியாக என் உள்ளங்கைக்கு வருகிறது... இதையா நான் அன்று கேட்டேன்? ஒன்றும் நினைவில்லையே. கதையைத்தான் நினைவு வைத்திருக்கிறேனோ, பாட்டை விட்டுவிட்டேனோ?

முதல் இடைவேளை. இதுதான் எல்லை, இந்த இடத்தில்தான் அன்று எங்கள் ஓபெரா முடிந்தது, இதற்கு மேல் எல்லாமே புதுப் பூமி. நடை விளக்குகளையும் கண்ணாடிகளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன், வைர மாலைக்காரிகள் போட்டிருக்கிற குதிகால் செருப்பைப் பார்த்தேன், பாவம், உட்கார்ந்தே அவர்களுக்குக் கால் வலிக்கிறது. நான் கொட்டகைக்குப் போடுகிற தோல் பூட்ஸை மெருகேற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன், மேலே எங்கள் பக்கத்து விழா உடை, யாரும் கீழே பார்ப்பதில்லை. திரும்பி வந்தபோது ஹோஃப்ராட் படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் இருக்கீங்களா? சுத்திப் பாக்க வர்றவங்க பாதிப் பேரு இத்தோட ஓடிடுவாங்க." "நான் ஓடறதுக்கு வரல. உன் முட்டிக்கு என்ன?" "வயசு." "வயசு இல்ல, நீ ஒரே கால்ல சாஞ்சு நிக்கற. மாடு கூட அப்படி நிக்காது. ரெண்டு கால்லயும் சமமா நில்லு." அவர் எழுந்து இரண்டு காலையும் ஊன்றிப் பார்த்தார். கொஞ்சம் கழித்து, "பரவாயில்லையே" என்றார் மெதுவாக. ஒரு ஹோஃப்ராட்டுக்கு நிற்கக் கற்றுக்கொடுத்தாகிவிட்டது, இதையும் கதையில் சேர்த்துக்கொள்ள வேண்டும், லோரென்ஸ் நம்ப மாட்டான்.

இரண்டாம் பாகம் நீளம், ஐயோ என்ன நீளம், இரண்டு பேர் நின்ற இடத்திலேயே நின்று ஒரு மணி நேரம் பாடுகிறார்கள், பின்னால் ஒருத்தி சரிந்து உட்கார்ந்துவிட்டாள், ஒரு ஜோடி நழுவிப் போயிற்று, எனக்கு இடுப்பில் ஒரு ஊசி ஏறி இறங்குகிறது, ஏறட்டும், பல்லைக் கடித்துக்கொண்டேன். ஆனால் நடுவில் எப்போதோ வலி தெரியவில்லை. எப்போது நின்றது? அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டு பாடும்போது நான் எங்கே இருந்தேன்? வீடு, மாடு, பந்தயம் எதுவும் நினைவில்லாமல் ஒரு கால்மணி நேரம் போயிருக்கிறது, என் வாழ்க்கையில் அப்படிப் போனதாக ஞாபகம் இல்லை, கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது. இரண்டாவது இடைவேளையில் வெளியே போகவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன், குண்டு அம்மாள் ஒரு சாக்லேட்டைப் பிட்டுக் கொடுத்தாள், "அடுத்த வாட்டி வந்தா பட்டியல்ல உங்க பேரையும் எழுதறேன்" என்றாள், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வியன்னாப் பட்டியலில் நோட்புர்கா.

கடைசிப் பாகம்... அந்தப் பெண் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை, ஓரமாக வந்து உட்கார்ந்து மெதுவாகப் பாடுகிறாள், அவ்வளவுதான், ஆனால் ஆயிரம் பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள், பக்கத்தில் ஏதோ அசைகிறதே என்று பார்த்தால் ஹோஃப்ராட் அழுகிறார். மறைக்காமல் அழுகிறார், கன்னம் முழுக்க நனைந்து மீசையில் சொட்டுகிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, குழந்தை மாதிரி... ஐயே, எல்லாரும் பார்ப்பார்களே, ஆம்பிளை இப்படி அழுதால் என்ன நினைப்பார்கள், வா, வா, போய்விடலாம்... "என்னம்மா? என்ன ஆச்சு, உடம்பு முடியலயா?" என்று ஹோஃப்ராட் கிசுகிசுக்கிறார், எதற்குக் கேட்கிறார் என்று புரியாமல் குனிந்து பார்க்கிறேன், என் கை அவருடைய கோட்டுக் கையைப் பிடித்திருக்கிறது, பிடித்து வாசல் பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. என் கைதான். நான் சொல்லாமல் அதுவே போய்ப் பிடித்திருக்கிறது. விட்டேன். விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்தேன், இந்தக் கைக்கு எப்படித் தெரிந்தது, இதே இடத்தில் இதே மாதிரி இழுக்க இது எங்கே கற்றது...

கல்யாணக் கோட்டு. பழுப்பு நிறம், கைமுனையில் கொம்புப் பொத்தான், அவன் அப்பாவுடையதை வெட்டித் தைத்தது. இரண்டு வரிசை பின்னால், தூண் பக்கம், அங்கேதான் நின்றோம், லோரென்ஸ் அழுதுகொண்டிருந்தான். பாட்டைக் கேட்டு. பசுவும் இல்லை, கன்றும் இல்லை, ஐந்து நாள் முன்னால் எனக்கு வாய்த்த புருஷன் முகத்தைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் வாயைப் பிளந்துகொண்டு அழுகிறான், முன்னால் நின்ற இரண்டு வியன்னாக்காரிகள் திரும்பிப் பார்த்து ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள், எனக்கு உடம்பு கூசிப்போயிற்று, விளக்கு வந்ததும் அந்தக் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன், "போயிடலாம்" என்றேன், "இன்னும் ரெண்டு பாகம் இருக்கே புர்கா" என்றான், "போயிடலாம், எல்லாரும் பாக்கறாங்க" என்றேன்... நான்தான். நான் இழுத்துக்கொண்டு போனேன். ரயிலில் ஒரு வார்த்தை பேசவில்லை அவன். ஊரில் இறங்கியதும் அம்மா கேட்டாள், ஏன் சீக்கிரம் வந்துவிட்டீர்கள் என்று, நான் பசு என்று சொன்னேன், பக்கத்தில் அவன் நின்றான், ஆமாம் என்று தலையாட்டினான். அன்றைக்கு என்னைக் காப்பாற்றத் தலையாட்டினானா, தன்னைக் காப்பாற்றவா? அதற்கப்புறம் முப்பத்தொரு வருஷம்? நான் எப்போதிலிருந்து அதை நம்ப ஆரம்பித்தேன்? ரயிலில் அழுதான் என்று நானே சேர்த்தேனே, அந்த அழுகை எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளாவது கேட்டுப் பார்த்தேனா? மேடையில் அந்தப் பெண் பாடிக்கொண்டே இருக்கிறாள், எனக்கும் இப்போது கொட்டுகிறது, துடைக்கவில்லை, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும், ஓடவும் இல்லை, இரண்டு காலையும் ஊன்றி நின்றேன், கடைசிச் சுரம் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகும்வரை நின்றேன்.

அப்புறம் என்ன சத்தம்! கூரை பிய்ந்துவிடும்போலக் கைதட்டல், மேலிருந்து பூ விழுகிறது, உட்கார்ந்து பார்த்த அத்தனை சீமான்களும் எழுந்து நிற்கிறார்கள், ஐந்து மணி நேரம் கழித்து இப்போதுதான் எங்கள் நிலைக்கு வந்து சேர்ந்தார்கள், நான் மாட்டைக் கூப்பிடுகிற குரலில் ஒரு கூவல் கூவினேன், எதிர் மலைக்குக் கேட்கிற கூவல், அந்தப் பெண் சத்தியமாக எங்கள் பக்கம் திரும்பிக் கையசைத்தாள், ஹோஃப்ராட் என் முதுகில் ஒன்று வைத்தார், "இன்னொரு தடவை கூவு!" என்றார். அவர் வாயிலும் 'நீ' வந்துவிட்டது. கூட்டம் கலையும்போது என் முடிச்சை ஒரு முனையை உள்ளே தள்ளி ஒரே சுண்டில் அவிழ்த்தேன், அவர் அசந்துபோய்ப் பார்த்தார், "நாளைக்கும் வருவியா?" என்றார், "நாளைக்கு மாடு இருக்கு" என்றேன், வாசல்வரை வந்து கைகொடுத்தார். நின்றுவிட்டேன். முதல் வரிசையில், நட்டநடுவில், கடைசிவரை, வில்கிராட்டனிலிருந்து வந்து நின்றுவிட்டேன், இந்த ஊருக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும்போல இருக்கிறது, இது பொய்யில்லை, இதற்கு யாரும் எனக்காகத் தலையாட்ட வேண்டியதில்லை.

வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கிறது, டிராம் மணி அடித்துக்கொண்டு போகிறது, மகன் வாங்கிக் கொடுத்த கைபேசியை எடுத்து வீட்டு எண்ணை அழுத்தினேன். லோரென்ஸ் தொலைபேசி எடுப்பதே அபூர்வம், பத்து முறை அடித்தால்தான் எழுந்து வருவான், இன்று முதல் மணியிலேயே எடுத்தான். "நின்னியா?" "நின்னேன்." "கடைசி வரைக்கும்?" "கடைசி வரைக்கும். முன்வரிசை." அவன் சிரித்தான், நல்ல சிரிப்புதான், "ஜெயிச்சுட்ட போ. இனிமே ஆயுசுக்கும் சொல்லிக்கோ" என்றான். சொல்வதா? எந்தக் கதையை? இப்போது கேட்டுவிடலாமா, ஏன்டா ஒரு நாளும் மறுக்கவில்லை என்று, கேட்டால் என்ன சொல்வான், பசு கன்று போட்டதே என்பானோ, என்னைப்போல அவனும் நம்பிவிட்டானோ... வாயெடுத்தேன், அதற்குள் அந்தப் பக்கம் தொண்டையைச் செருமினான், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. "புர்கா," என்றான், "அப்புறம் அந்தப் பொண்ணு என்னதான் ஆனா?" கூட்டம் இடித்துக்கொண்டு போகிறது, நான் ஓபெராச் சுவரில் சாய்ந்து கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். சொல்ல ஆரம்பித்தேன், இரண்டாம் பாகத்திலிருந்து. முதல் பாகம் அவனுக்குத் தெரியும்.